ஒரே லென்ஸோடு இயற்கை நடை: மேக்ரோவா, 70-300-ஆ, 150-600-ஆ, 18-400-ஆ?

"ஒரு லென்ஸுக்குத்தான் பணம் இருக்கிறது. பறவையும் எடுக்கணும், பட்டாம்பூச்சியும் எடுக்கணும். எதை வாங்கட்டும்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கப் போகும் குழுக்களில், புதிதாகக் கேமரா வாங்கிய எல்லாரும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கையில் இருப்பதையே சிபாரிசு செய்வார்கள். பறவைக்காரர் 150-600 என்பார் (இந்த எண்கள் மி.மீ.-ல் லென்ஸின் குவியத் தூரம்; எண் பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). பூச்சிக்காரர் மேக்ரோ என்பார், அதாவது சின்னப் பொருளைக் கிட்டத்திலிருந்து பெரிதாக எடுக்கும் லென்ஸ். கடைக்காரர் 18-400-ஐ எடுத்து மேசைமேல் வைத்து, "எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும் சார்" என்பார். கேட்டவர் குழம்பிப்போய், கேமராவோடு வந்த கிட் லென்ஸை வைத்தே இன்னொரு வருஷத்தை ஓட்டிவிடுவார்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமரா ஏ.பி.எஸ்.-சி என்ற அளவுள்ள சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) கொண்டது, 24 மெகாபிக்சல் அளவில். 18-55 கிட் லென்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்தபடி எடுப்பது கிடையாது. சிங்காநல்லூர் குளக்கரை, நன்மங்கலம் காட்டின் ஓரம், வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துச் சாலை, சொந்த ஊர்க் கண்மாய்க் கரை என்று இரண்டு மூன்று மணி நேரம் நடந்தபடி எடுப்பது. அடுத்த வளைவில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாது. லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தால் வந்தது போய்விடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

"எவ்வளவு தூரத்தில் இருக்கும் பறவை கிடைக்கும்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதை இரண்டாவது இடத்தில் வைப்பேன். முதல் கேள்வி, எவ்வளவு சின்ன உயிரை அந்த லென்ஸ் படம் நிறையக் காட்டும் என்பதுதான்.

நம் ஊரில் ஒரு நடையில் என்னென்ன எதிர்ப்படுகின்றன என்று கவனித்துப் பாருங்கள். வேலியில் ஓணான், குட்டையோரம் தட்டான், புல்நுனியில் ஊசித்தட்டான், எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியன், மழை விட்டதும் பாதைக்கு வரும் மரவட்டை, இலைக்கடியில் குதிக்கும் சிலந்தி. இவை எல்லாமே உங்களிடமிருந்து நாலு எட்டுக்குள் இருப்பவை. பறவைகளும் கண்ணில் படும்தான். ஆனால் அவற்றில் பல உச்சிக் கிளையில், வெளிறிய வானத்தின் முன்னே, படத்துக்கு உதவாத ஒளியில் உட்கார்ந்திருக்கும்.

லென்ஸின் விவரக் குறிப்பில் 'அதிகபட்ச உருப்பெருக்கம்' என்று ஓர் எண் இருக்கும். கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. நீங்களே தேடிப் பாருங்கள். ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. (கேனானில் 22.3). உருப்பெருக்கம் 1 என்றால் அந்த அகலமுள்ள பொருள் படத்தை அப்படியே நிறைக்கும். 0.4 என்றால் ஐந்தரை, ஆறு செ.மீ. அகலம் படத்தில் அடங்கும். 0.2 என்றால் 11, 12 செ.மீ. மழைக்கு முன் தாழப் பறக்கும் தட்டானின் உடல் நாலைந்து செ.மீ. நீளம். 0.4 உள்ள லென்ஸில் அது படம் முழுக்க நிற்கும், கண்ணின் பளபளப்பும் சிறகின் நரம்புகளும் தெரியும். 0.2 உள்ள லென்ஸில் பாதிகூட நிறையாது.

இரண்டாவது, எட்டும் தூரம். கணக்கு எளிது. சிறு மீன்கொத்தி ஏறக்குறைய 17 செ.மீ. நீளம். குளத்தின் மறுபக்கம், 15 மீட்டர் தள்ளி, ஒரு குச்சியில் உட்கார்ந்திருக்கிறது. 300 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் 3.4 மி.மீ. விழும். படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், கிட்டத்தட்ட 870 பிக்சல். 400 என்றால் 1160, 600 என்றால் 1740. வாட்ஸ்அப்பில் பகிரவும் இனத்தை உறுதிசெய்யவும் 870 தாராளம். பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமானால் 600 தேவைப்படும்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. பள்ளிக்கரணை சதுப்பு, கோடியக்கரை உப்பளம் மாதிரி வெட்டவெளிகளில் வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து எழும் சூடான காற்று படத்தை நெளியவைக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரையை எந்த விலை லென்ஸும் அப்போது கூர்மையாகக் காட்டாது. நீளமான லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். விடியற்காலையில் போவதற்கு ஈடான லென்ஸ் கிடையாது.

அடுத்தது எடை. கடையில் இரண்டு நிமிடம் தூக்கிப் பார்ப்பதும், இரண்டாவது மணி நேரத்தில் கழுத்தில் தொங்குவதும் வேறு வேறு.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாக. சோலைக்காட்டின் உள்ளே எஃப்/6.3 (இது ஒளி நுழையும் துளையான அபர்ச்சரின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் 1/500 நொடி என்று வைத்தால், ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறன் அளவு சுலபமாக 6400-ஐத் தாண்டும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். லென்ஸில் இருக்கும் நடுக்கக் கட்டுப்பாடு உங்கள் கை ஆட்டத்தைத்தான் தாங்கும். பறவை தலை திருப்புவதை அது நிறுத்தாது.

கடைசியாக, பில்லில் வராத செலவு. இதில் எல்லா லென்ஸுக்கும் பொதுவானது பூஞ்சை. கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், பையில் மூடிவைத்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மூன்றையும் லென்ஸோடு சேர்த்தே வாங்குங்கள். மீட்டர் 40-50 சதவீதம் காட்டினால் நல்லது.

## மேக்ரோ லென்ஸ் (90-105 மி.மீ.)

டாம்ரான் 90, கேனான் 100 எல், நிக்கான் 105 எல்லாமே இந்த வகை. உருப்பெருக்கம் 1, அபர்ச்சர் எஃப்/2.8, எடை 600 முதல் 750 கிராம். கூர்மையில் இவற்றை இந்த விலைக்கு மற்ற எந்த வகையும் நெருங்காது. சிலந்தியின் எட்டுக் கண்களும் தெரிய வேண்டும், பட்டாம்பூச்சிச் சிறகின் செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும் என்றால் வேறு வழியே இல்லை.

ஆனால் 'குறைந்தபட்சத் தூரம் 30 செ.மீ.' என்று போட்டிருப்பது சென்சாரிலிருந்து அளப்பது. லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு சாண்கூட இருக்காது. அந்தத் தூரத்தில் உங்கள் நிழல் விழுந்தாலே தட்டான் எழுந்துவிடும். ஃபோகஸில் நிற்கும் ஆழமும் மிகக் குறைவு. முழு உருப்பெருக்கத்தில் எஃப்/11 வைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டைதான் தெளிவாக இருக்கும். எஃப்/11 வைத்தால் ஒளி போதாது, ஃபிளாஷ் வேண்டும். ஃபிளாஷ் வந்தால் அதன் முன்னே ஒளியை மென்மையாகப் பரப்பும் டிஃப்யூசர் வேண்டும். டிஃப்யூசரை வெள்ளை ஃபோம் ஷீட்டில் கையாலேயே செய்துகொள்ளலாம். ஃபிளாஷுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். மேக்ரோவின் மறைமுகச் செலவு இதுதான்.

பறவை என்று வந்தால் கையை விரிக்க வேண்டியதுதான். அதே மீன்கொத்தி 100 மி.மீ. லென்ஸில் படத்தின் உயரத்தில் பதினான்கில் ஒரு பங்கு, ஒரு நீலப் புள்ளி.

பறவை வந்தால் கண்ணால் பார்த்து ரசித்துவிட்டு நகர்ந்துவிட முடியும் என்பவர்கள் தயங்காமல் மேக்ரோ வாங்கலாம். வீட்டுத் தோட்டம், மொட்டைமாடித் தொட்டிச் செடிகள், மழைக்கால இரவு நடை இவைதான் உங்கள் களம் என்றாலும் இதுவே சரி. நடை போக முடியாத நாட்களிலும் வேலை இருக்கும் ஒரே லென்ஸ் இதுதான்.

## எடை குறைந்த டெலி ஜூம் (55-250, 70-300, 100-400)

பலரும் 'ஆரம்பநிலை லென்ஸ்' என்று ஒதுக்கிவிடும் வகை. நடந்து எடுப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் முடிவு. ஆனால் இந்த வகைக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கேனான் 55-250 எஸ்.டி.எம். 375 கிராம்தான், உருப்பெருக்கம் 0.29. பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு, பயன்படுத்தியதாகவே கிடைத்தாலும், கொடுத்த காசுக்கு இவ்வளவு தரும் லென்ஸ் வேறில்லை. நிக்கானின் ஏ.எஃப்.-பி 70-300 வி.ஆர். 415 கிராம், ஆனால் உருப்பெருக்கம் 0.22. ஃபோகஸ் வேகமும் கூர்மையும் நல்லபடி இருக்கும், சின்னப் பூச்சிகளில்தான் திணறும். டி90 போன்ற பழைய நிக்கான் கேமராக்களில் இந்த லென்ஸ் ஃபோகஸே ஆகாது. உங்கள் மாடலுக்குச் சேருமா என்று பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். சோனி 70-350 ஜி 625 கிராம், 0.23. தூரத்துக்கு அருமை, கிட்டத்துக்குச் சுமார். ஃபியூஜி 70-300 580 கிராம், 0.33, எஃப்/4-5.6, தூறலைத் தாங்கும் கட்டுமானமும் உண்டு.

கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) கேமராக்களுக்கான ஆர்.எஃப். 100-400 தனியாகப் பேச வேண்டியது. 2021-ல் வந்தது, 635 கிராம், உருப்பெருக்கம் 0.41. கேனான் ஏ.பி.எஸ்.-சி உடலில் 5.4 செ.மீ. அகலம் படத்தை நிறைக்கும், அதுவும் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி நின்று. தட்டானைக் கலைக்காமல் எடுத்துவிட்டு, அதே லென்ஸை உயர்த்தி மீன்கொத்தியையும் எடுக்கலாம். இதன் குறை ஒளி விஷயத்தில்தான். 400-ல் எஃப்/8. மேகம் மூடிய காலையிலோ காட்டுக்குள்ளேயோ படத்தில் இரைச்சல் ஏறும். பிறகு கணினியில் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் வேண்டியிருக்கும், அதுவும் ஒரு மறைமுகச் செலவு. மழைக்கான பாதுகாப்பும் இதில் இல்லை.

0.22 உள்ள லென்ஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? விற்க வேண்டாம். ரேனாக்ஸ் டி.சி.ஆர்.-150 என்ற ஒரு சின்னக் கண்ணாடி கிடைக்கிறது. 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள எந்த லென்ஸின் முனையிலும் கிளிப் மாதிரிக் கவ்விக்கொள்ளும். அதன் சக்தி 4.8 டயாப்டர். 300 மி.மீ.-ல் பொருத்தினால் உருப்பெருக்கம் 1.4-ஐத் தாண்டும், மேக்ரோவையே மிஞ்சும். அப்போதும் பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே சுமார் 20 செ.மீ. இடைவெளி இருக்கும். மாட்டியிருக்கும்போது தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது, கழற்ற வேண்டும். அது ஒரு நொடி வேலை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

## பெரிய ஜூம் (150-600, 200-600, 200-500)

சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.93 கிலோ, டாம்ரான் 150-600 ஜி2 2 கிலோ, சோனி 200-600 2.1 கிலோ, நிக்கான் 200-500 2.3 கிலோ. கேமராவையும் சேர்த்தால் மூன்று கிலோவைத் தொட்டுவிடும்.

வேடந்தாங்கல் கரையில் நின்று, ஏரிக்குள் இருக்கும் மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையின் முகத்தைத் தனியே எடுக்க வேண்டும் என்றால் இந்த வகைதான். கூந்தன்குளம், பள்ளிக்கரணை, கோடியக்கரை எல்லாம் அப்படித்தான். மனிதன் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாத, போகவும் கூடாத இடங்கள். ஓரிடத்தில் நின்று காத்திருந்து எடுப்பவருக்கு எடை பெரிய தொல்லை இல்லை.

நடப்பவருக்குத் தொல்லை. கூடவே வந்த பட்டையில் தொங்கவிட முடியாது, தோளில் குறுக்காகப் போடும் பட்டை வாங்க வேண்டும். மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கி வேண்டும். ஃபில்டர் அளவு 95 மி.மீ., ஒரு சாதாரண பாதுகாப்பு ஃபில்டரே விலை கூடும். பழைய பையில் அடங்காது. பஸ்ஸில் போகிறவர் மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். முழங்கையும் தோளும் வலிக்க ஆரம்பித்தால் லென்ஸ் அலமாரியில் தங்கிவிடும். பெரிய லென்ஸை ஆசையாக வாங்கிவிட்டு, நடைக்கு வரும்போது செல்போனோடு மட்டும் வருபவர்களை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம்.

கிட்டத்துப் படம் இதில் முடியவே முடியாது என்பது சரியல்ல. சிக்மாவில் 2.8 மீட்டரில் 0.2 கிடைக்கும். பட்டாம்பூச்சிக்கு அது ஓரளவு போதும். ஆனால் இருபுறமும் புதர் மண்டிய ஒற்றையடிப் பாதையில் பின்னால் போக 2.8 மீட்டர் இருக்காது. காலடியில் இருக்கும் தவளை உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

## எல்லாம் ஒன்றில் (18-300, 18-400)

டாம்ரான் 18-400 2017-ல் வந்தது, 710 கிராம், உருப்பெருக்கம் ஏறக்குறைய 0.34. காகிதத்தில் பார்த்தால் எல்லாவற்றையும் ஜெயித்துவிடும். அகலக் காட்சி, பறவை, தட்டான் எல்லாம் ஒரே உருளைக்குள். லென்ஸைக் கழற்றவே வேண்டாம் என்பதால் சென்சாரில் தூசி படிவதும் குறையும்.

விலை கொடுப்பது கூர்மையில். 400 முனையில், எஃப்/6.3-ல், இறகின் நுணுக்கம் மழுங்கும். மீன்கொத்திப் படத்தை வெட்டிப் பெரிதாக்கித்தான் பார்க்கப் போகிறோம் என்பதால் அந்த மழுங்கல் இரட்டிப்பாகத் தெரியும். டாம்ரானின் 18-300-க்கு 0.5 உருப்பெருக்கம் என்று விளம்பரம். அது 18 மி.மீ. முனையில், 15 செ.மீ. தூரத்தில் கிடைப்பது, லென்ஸ் பூவைத் தொட்டுவிடும். நீளமான முனையில் ஒரு மீட்டர் தள்ளி 0.25-தான்.

எனக்கு இதில் பெரிய தயக்கம் வேறு. 18 மி.மீ. முனை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, கிட் லென்ஸிலும் செல்போனிலும். அதற்கு இன்னொரு முறை பணம் கொடுத்து, தேவையான நீள முனையில் தரத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

குடும்பத்தோடு கொடைக்கானல் போகும்போது அருவியும் குழந்தைகளும் வழியில் எதிர்ப்படும் மலை அணிலும் ஒரே கேமராவில் வேண்டும் என்பவருக்கு இது நல்ல லென்ஸ். இயற்கை நடையே முதல் நோக்கம் என்றால் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வகை | எடை | படத்தை நிறைக்கும் அகலம் | 15 மீட்டரில் மீன்கொத்தி (படத்தின் உயரத்தில்) | பில்லில் வராதது |
|---|---|---|---|---|
| மேக்ரோ 100 | 600-750 கிராம் | 2.3 செ.மீ. | 7% | ஃபிளாஷ், டிஃப்யூசர் |
| 70-300 வகை | 375-625 கிராம் | 7-11 செ.மீ. | 19-25% | ரேனாக்ஸ் கண்ணாடி, மழை உறை |
| ஆர்.எஃப். 100-400 | 635 கிராம் | 5.4 செ.மீ. | 30% | இரைச்சல் நீக்கும் மென்பொருள், மழை உறை |
| 150-600 வகை | 1.9-2.3 கிலோ | 9-12 செ.மீ. | 36-44% | மோனோபாட், பட்டை, பை, 95 மி.மீ. ஃபில்டர் |
| 18-400 | 710 கிராம் | 6.5-7 செ.மீ. | 29% | கூர்மை இழப்பு |

அட்டவணையில் அடங்காத ஒன்று உண்டு. லென்ஸ் எவ்வளவு குட்டையோ, அவ்வளவு கிட்டே போகத் தோன்றும். ஆள்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடும். நீங்கள் நெருங்கினால் கத்திக்கொண்டே எழுந்து சுற்றும். நல்ல படம் என்று நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் வெயிலில் காயும். கூட்டை எந்த லென்ஸிலும் எடுக்க வேண்டாம். உங்களுக்குப் பறவைகள்மேல்தான் ஆசை, 100 மி.மீ.-ல் எடுத்தால் நெருங்காமல் இருக்க முடியாது என்று தோன்றினால், அந்த ஒரு காரணத்துக்காகவே 300-க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

## வாங்குவதற்கு முன்

முதலில் கிட் லென்ஸைச் சந்தேகப்படாதீர்கள். கேனான், நிக்கான் 18-55-களின் உருப்பெருக்கம் 0.36, 0.38 வரை இருக்கிறது. செங்காந்தள், காளான், மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் நத்தை இவற்றுக்கு இன்றே அது போதும். பத்து நடை போய்விட்டு, எடுத்த படங்களைப் பாருங்கள். எதை எடுக்க முடியாமல் தவித்தீர்கள், தூரத்துப் பறவையையா காலடிச் சிலந்தியையா என்று அவையே சொல்லிவிடும்.

பயன்படுத்திய லென்ஸ் வாங்குவதில் தப்பில்லை, பூஞ்சை மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாலைந்து தூசித் துகள் இருந்தால் கவலை இல்லை, படத்தில் தெரியாது. ஓரத்திலிருந்து கிளை விட்டுப் பரவும் மெல்லிய வெள்ளை இழை தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஜூம் வளையத்தை இரு முனைக்கும் திருப்பி, இரண்டிலும் ஃபோகஸ் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்கு உங்கள் கேமராவையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தையும் எடுத்துப் போங்கள். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. மேசைமேல் வைத்து, லென்ஸை முழு நீளத்துக்கு இழுத்து, ஃபோகஸ் பிடிக்கும் கடைசி எல்லைவரை நெருங்கி ஒரு படம் எடுங்கள். நாணயம் படத்தின் அகலத்தில் கால்வாசி நிறைந்தால் அது 0.22 லென்ஸ், பாதி நிறைந்தால் 0.4. மேக்ரோவில் நாணயத்தின் ஓரங்கள் படத்துக்கு வெளியே போய்விடும். கடைக்காரர் எந்த லென்ஸை எடுத்து வைத்தாலும் இந்த ஒரு படத்தை எடுத்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.